பூர்வீக ஊர் தேடிப் புறப்படும் முன்

ஆலயத்தில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் சற்று நேரம் நின்று கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். பெயர், நட்சத்திரம் கேட்டால் நம் மக்கள் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். கோத்திரம் கேட்டால், "சிவகோத்திரம் என்று போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். குலதெய்வம் எது, பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் தாயாரின் முகத்தைப் பார்க்கிறார்கள். தாயார் இல்லாதவர்கள் கோயில் உத்திரத்தைப் பார்க்கிறார்கள்.

ஆயினும் அண்மைக் காலமாக இளைய தலைமுறையினர் சிலர் இதனை அறிய ஆவல் கொண்டு எங்களிடம் வருகின்றனர். வேலையில் அமர்ந்து நாலு காசு சேர்ந்தவுடன் ஒருமுறையேனும் தாத்தாவின் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். சுற்றுலா நிறுவனங்கள் நடத்தும் பத்து நாள் ஆன்மிகப் பயணத்தில் சேர்ந்தால் போதுமா என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. போதாது. அப்பயணங்கள் மதுரை, பழனி, இராமேஸ்வரம் என்று தரிசனம் செய்து வைக்கும். அது நல்ல காரியம்தான். ஆனால், பேருந்து நிற்காத ஒரு சிற்றூரில் உங்கள் பாட்டனார் பிறந்த தெருவை அவர்கள் காட்ட மாட்டார்கள். அதற்குத் தனியாகப் போக வேண்டும். தனியாகப் போவதென்றால் செலவு அதிகமாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. பயணத்தில் பாதியை, அதுவும் கடினமான பாதியை, இங்கே புக்கிட் மெர்தாஜாமில் இருந்துகொண்டே காசு செலவின்றி முடித்துவிடலாம். அப்படி முடிக்காமல் புறப்படுகிறவர்கள்தான் அங்கே டாக்சிக்கும் தரகருக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, ஊரையும் காணாமல் திரும்புகிறார்கள்.

முதலில் நம்மவர்கள் வந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டு மலர்களில் பூர்வீகம் என்று எழுதத் தொடங்கினாலே கடாரத்திற்குப் போய்விடுவது நமக்கு வழக்கம். இராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்ததும், பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்ததும் நமக்குப் பெருமையே. நம் ஊரிலேயே செரோக் தோக்குன் பகுதியில், செயின்ட் ஆன் தேவாலய வளாகத்துப் பாறையில் பழைமையான கல்வெட்டு ஒன்று உண்டு. ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி 1845ஆம் ஆண்டு அதனைக் கண்டறிந்தார். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத் தக்க இடம். இருப்பினும், நம்மில் பெரும்பாலோரின் தாத்தா சோழன் கப்பலில் வந்தவர் அல்லர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் மிதந்து பினாங்கில் இறங்கியவர்.

அக்காலத்தில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் உண்டு. அந்த ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன்பின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்த, அதிலிருந்து தொழிலாளர்களின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. இக்கரையில் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைத்து, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பினர். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவி பெற்று வரும் கூலிப் பயணத்தைத் தடை செய்தது. அதன்பின் வந்தவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில், உறவினரை அண்டி வந்தவர்கள். நம் முதியோர் வாயில் இன்றும் புழங்கும் 'ரஜூலா' கப்பல் 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அது 1973ஆம் ஆண்டு வரை ஓடியது.

இந்தச் சரித்திரத்தை நான் பாடம் நடத்துவதற்காக எழுதவில்லை. இதில் தேடுவோருக்கு வேண்டிய குறிப்பு ஒன்று இருக்கிறது. மொரீஷியசுக்குச் சென்றவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. தகப்பன் பெயர், ஊர், பிற்காலத்தில் புகைப்படம்கூட அதில் இருந்தது. அவை மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கங்காணியுடன் மலாயா வந்த குடும்பங்களின் கையில் அத்தகைய காகிதம் இருப்பது அபூர்வம். ஆனால், கங்காணி என்பவர் தம் சொந்த ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய்த்தான் ஆள் திரட்டினார். ஆகவே ஒரே லயத்தில் குடியிருந்த பத்துக் குடும்பங்களில் ஆறு குடும்பம் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்ததாக இருக்கும். உங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் மறந்துபோயிருந்தால், தாத்தா வீட்டுக்கு அடுத்த கதவில் இருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். கெலிடோனியா, மலாக்கோஃப் போன்ற தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் வாரிசுகள் இன்று நிபோங் திபாலிலும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு திருமணத்திற்குப் போய் நாலு முதியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு மாதத் தேடல் ஒரு மாலையில் முடியும்.

அடுத்து வீட்டுத் தகரப்பெட்டி. பழைய சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம், இந்தியக் கடப்பிதழ், அஞ்சல் முத்திரை பதிந்த கடிதங்கள் இவை அனைத்தையும் வெளியே எடுங்கள். கடித உறையின் மேலுள்ள அஞ்சலக முத்திரை உள்ளே இருக்கும் கடிதத்தைக் காட்டிலும் பயனுள்ளது. கடிதத்தில், "நம் ஊரில் மழை இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். எந்த ஊர் என்று முத்திரைதான் சொல்லும். பிறகு இடுகாட்டுக்குப் போய் வாருங்கள். அக்காலத்தில் கல் வைத்தவர்கள் சிலர், இறந்தவரின் பெயரோடு ஜில்லா, தாலுக்கா, கிராமம் மூன்றையும் வெட்டி வைத்தார்கள். பாசியை ஈரத் துணியால் துடைத்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். மறைந்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எழுத்தில் இல்லாதது பேச்சில் இருக்கும். பாட்டிமார்கள் சொன்ன கதைகளைக் கதையென்று தள்ளிவிடாதீர்கள். என் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 1920களில் வந்த என் தாத்தாவின் காகிதம் ஒன்றில் 'திருச்சினாப்பள்ளி ஜில்லா' என்று இருந்தது. கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய கிராணி அதைச் சிதைத்து வைத்திருந்தார். அந்த ஓசையோடு ஒத்துப்போகும் ஊர்கள் திருச்சி மாவட்டத்திலேயே பல இருக்கின்றன. ஆனால், என் பாட்டி தம் சிறுவயதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூன்றைச் சொல்வார். மழைக்கும் வெயிலுக்கும் கூரையில்லாமல் நிற்கும் பெரிய அனுமார். முழுக்குப் போட மோகனூர் ஆறு. குலதெய்வம் மலை மேலிருக்கும் பெரியண்ணசாமி.

கூரையில்லாத அனுமார் என்றால் நாமக்கல். 18 அடி உயரம் உள்ள அந்த ஆஞ்சநேயருக்கு மேலே விதானம் கிடையாது. மோகனூர், நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக் கரையில் இருக்கிறது. பெரியண்ணசாமி குடியிருப்பது கொல்லிமலை. மூன்றும் ஒரே வட்டாரத்தைக் காட்டுகின்றன. அப்படியானால் காகிதத்தில் திருச்சி எப்படி வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் நாமக்கல் வட்டத்தைச் சில காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு இணைத்து வைத்திருந்தார்கள். பின்னர் அது சேலத்தோடு சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. காகிதமும் பொய் சொல்லவில்லை, பாட்டியும் பொய் சொல்லவில்லை. எல்லைக்கோடுதான் இடம் மாறியது.

இந்த எல்லைக்கோடு விவகாரத்தைப் பழைய காகிதம் வைத்திருப்போர் அனைவரும் கவனிக்க வேண்டும். தாத்தா கப்பலேறியபோது இருந்த ஜில்லாக்கள் இன்று அப்படியே இல்லை. வடஆர்க்காடு 1989ஆம் ஆண்டில் இரண்டாகி, அதிலொன்றான வேலூர் 2019ஆம் ஆண்டில் மீண்டும் மூன்றானது. தென்னார்க்காடு 1993ஆம் ஆண்டில் பிரிந்தது. அன்றைய தஞ்சாவூர் ஜில்லா இன்று தஞ்சை, நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று சிதறிக் கிடக்கிறது. கடைசியாக மயிலாடுதுறை பிரிந்தது 2020ஆம் ஆண்டில்தான். இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985ஆம் ஆண்டில் பிரிந்தன. திருச்சியிலிருந்து கரூரும் பெரம்பலூரும் 1995ஆம் ஆண்டில் பிரிந்தன. ஆகையால் ஜில்லா பெயரை நம்பிப் போகாமல் தாலுக்கா பெயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாலுக்கா தெரியாமல் 'புதூர்', 'நல்லூர்' என்று மட்டும் தெரிந்தால் பயனில்லை. தமிழ்நாட்டில் புதூர் எத்தனை என்று எண்ணி மாளாது.

இன்று ஒரு வசதி வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒரு வட்டத்தைத் தொட்டால் அதிலுள்ள கிராமங்கள் எல்லாம் தமிழில் வரிசையாக வரும். கட்டணம் கிடையாது. பேரப்பிள்ளைகளின் உதவியுடன் இதைப் பார்க்கலாம். சிதைந்த ஆங்கில எழுத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே பட்டியலில் கண்ணை ஓட்டினேன். அரை மணி நேரத்தில் ஊர் அகப்பட்டது. நிலம் யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் துருவாதீர்கள். அதற்கான காரணத்தையும் பின்னால் சொல்கிறேன்.

குலதெய்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப் பெயர் தெரியாதவர்களுக்கும் இது ஒரு கதவு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் ஆண்டுக்கொரு முறை அங்கே கூடுவார்கள். தலைக்கட்டு வரி வசூலிக்கும் கோயில்களில், எந்தெந்த ஊரில் எத்தனை வீடு என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். பூசாரிக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980ஆம் ஆண்டில் அரசு எடுத்துவிட்டது. இப்போதுள்ள கிராம நிர்வாக அலுவலர் வேற்றூர்க்காரராக இருப்பார், மாற்றலாகிப் போவார். பழைய குடும்பத் தொடர்பு கேட்க அவரைவிடப் பூசாரியே மேல். பெண்களுக்கு ஒரு குறிப்பு: திருமணத்திற்குப் பின் கணவர் வீட்டுத் தெய்வமே உங்களுக்குக் குலதெய்வம் என்பது வழக்கம். ஆதலால் உங்கள் தாயார் கும்பிட்டது அவருடைய பிறந்த வீட்டுத் தெய்வமா, புகுந்த வீட்டுத் தெய்வமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் வேறொரு குடும்பத்தின் ஊருக்குப் போய் நிற்க நேரிடும்.

இனிச் செலவு. நானும் என் துணைவியாரும் 2023ஆம் ஆண்டு, பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின் தை மாதக் கடைசியில் சென்று பன்னிரண்டு நாள் தங்கினோம். விமானம், விசா, அறை, சாப்பாடு, பேருந்து, பூசைச் செலவு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,300 வெள்ளிக்குள் முடிந்தது. இதில் பெரிய தொகை விமானக் கட்டணம்தான். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இரயிலில் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து திருச்சிக்குப் பறந்தோம். சொந்த ஊர் திருச்சி, நாமக்கல், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குச் சென்னையைவிடத் திருச்சியே வசதி. விழுப்புரம், வேலூர்ப் பக்கம் என்றால் சென்னை. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கிலிருந்தே சென்னைக்கு நேரடி விமானம் தொடங்கியது. மார்கழிக் கடைசியிலும் பள்ளி விடுமுறையிலும் கட்டணம் ஏறிவிடும். ஓய்வு பெற்றவர்களுக்குக் கிழமை ஒரு பொருட்டல்லவே. வாரத்தின் நடுநாளில் பறந்தால் மிச்சம்.

விசாவுக்கு இந்திய அரசின் சொந்த இணையத்தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் தளங்கள் பல இருக்கின்றன. அவை இரட்டிப்புக் கட்டணம் வாங்கிவிடும். இரயிலில் மூத்தோருக்கு அளித்து வந்த கட்டணச் சலுகையை இந்திய இரயில்வே 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். பேருந்துக் கட்டணம் குறைவு. நாமக்கல்லை மையமாக வைத்துக்கொண்டு, காலையில் பசியாறிவிட்டு நகரப் பேருந்தில் ஏறினால் எந்தக் கிராமத்துக்கும் போய் மாலையில் திரும்பிவிடலாம். அறை எடுக்கும்போது, 'வெளிநாட்டுக் கடப்பிதழை ஏற்பீர்களா' என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். வெளிநாட்டார் தங்கினால் விடுதிக்காரர் அரசுக்குப் பதிவு அனுப்ப வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அந்தத் தொல்லை வேண்டாமென்று சிறு விடுதிகள் சில மறுத்துவிடும். எங்களையும் ஒரு விடுதியில் இரவு ஒன்பது மணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெரிய கோயில் ஊர்களில் தேவஸ்தானத்தின் விடுதிகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்து யாத்ரி நிவாஸ் அவ்வகையில் ஒன்று. சுத்தமாகவும் சிக்கனமாகவும் தங்கலாம். 2002ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்னதானத் திட்டம் நடந்து வருகிறது. பந்தியில் உட்கார்ந்து பிரசாதமாகச் சாப்பிடுவதில் வெட்கமில்லை. சாப்பிட்டபின் உண்டியலில் நம்மால் ஆனதைப் போடுவதுதான் மரியாதை.

மிச்சம் பிடிக்க எல்லாவற்றிலும் சிறந்த வழி, பல ஊர் சுற்றாமல் ஒரே ஊரில் தங்குவது. இதைச் சொன்னால் பலர் ஏற்பதில்லை. இவ்வளவு தூரம் போய்விட்டு இராமேஸ்வரம் பார்க்காமல் வருவதா என்கிறார்கள். கிராமத்தில் முதல் நாள் உங்களைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் காபி கொடுப்பார்கள். மூன்றாம் நாள்தான் பேசுவார்கள். இரண்டு மணி நேரத்திற்கு டாக்சி அமர்த்திப் போகிறவருக்கு முதல் நாள் மட்டுமே கிடைக்கும்.

கிராமத்தில் நுழைந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "நிலம் கேட்க வரவில்லை" என்பதுதான். நேராகச் சொல்லாவிட்டாலும் சாடையாகவாவது சொல்லிவிடுங்கள். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குமுன் கடல் கடந்தவரின் பேரன் திடீரென்று காகிதங்களோடு வந்து நின்றால், அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? பாகம் பிரிக்காத நிலத்தில் உழுதுகொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. நான் நிலப் பதிவைத் துருவ வேண்டாம் என்றது இதனால்தான். எங்கள் பங்காளி வீட்டுத் திண்ணையில் முதல் நாள் எங்களை வாங்க என்றார்கள், உட்காரச் சொல்லவில்லை. நான் தாத்தாவின் கல்லறைப் படத்தை எடுத்துக் காட்டி, "இவர் எங்கே படுத்திருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். உள்ளேயிருந்து ஒரு மூதாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். என் தாத்தாவின் தம்பி மகள் அவர். எனக்கு அத்தை முறை. வயது எண்பத்தேழு.

அந்த அத்தை சொன்னதை எங்கள் குடும்பத்தில் இங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. ஜப்பானியர் காலத்தில், 1942ஆம் ஆண்டு முதல் கடிதப் போக்குவரத்து அற்றுப்போயிற்று. மலாயாவிலிருந்து தமிழர்களை சயாம் இரயில் பாதை போடக் கொண்டுபோய்ச் சாகடிக்கிறார்கள் என்ற செய்தி மட்டும் எப்படியோ ஊருக்கு எட்டியிருக்கிறது. தாத்தா போய்விட்டார் என்று முடிவு செய்து, இருந்த ஒரு மாட்டை விற்றுக் கருமாதி செய்துவிட்டார்கள். "காரியம் பண்ணி மூணு வருசம் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு கண்ணு. எங்கப்பா அதைக் கையில புடிச்சுக்கிட்டு, பெரியப்பா உசுரோட இருக்காருன்னு காட்டுக்கு ஓடினாரு" என்றார் அத்தை. உயிரோடு இருப்பவருக்குக் காரியம் செய்துவிட்டதால், அவர் ஊருக்கு வரும்போது மோகனூர் ஆற்றில் முழுக்காட்டி, புதுத்துணி கொடுத்து, பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல் பெயர் வைத்துத்தான் வீட்டுக்குள் அழைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். அந்தப் புதுவேட்டி பல ஆண்டுகள் பெட்டியில் இருந்திருக்கிறது. தாத்தா போகவேயில்லை. ஐந்து பிள்ளைகளோடு கப்பல் கட்டணத்திற்கு அவர் எங்கே போவார்?

1964ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் தாத்தா காலமானார். இங்கிருந்து யாரோ கடிதம் எழுதினார்களாம். அது போய்ச் சேரவில்லை. முன்னொரு முறை பொய்யாகிப்போன அனுபவத்தால், இரண்டாம் முறை காரியம் செய்ய அவர்கள் துணியவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாத ஒருவருக்குத் திதி ஏது? தை அமாவாசையன்று மட்டும், "மலாயாப் பெரியப்பாவுக்கு" என்று சொல்லி ஓர் இலையைத் தனியாகப் போட்டு வந்திருக்கிறார்கள். நான் கொண்டுபோன கல்லறைப் படத்தில் தேதி இருந்தது. புறப்படும் முன்பே நம் ஆலயக் குருக்களிடம் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியும் குறித்து வைத்திருந்தேன். அதைப் படித்துக் காட்டினேன். அத்தை தம் பேரனைக் கூப்பிட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதச் சொன்னார். அதன்பிறகுதான் எங்களுக்குப் பாய் விரித்தார்கள்.

நாம் நம் வேரைத் தேடுகிறோம் என்று பேசுகிறோம். அங்கேயும் ஒரு கிளையைப் பல்லாண்டாகத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. இனிப்புப் பெட்டி, சேலை, கைக்கடிகாரம் என்று மூட்டை கட்டுவதைக் காட்டிலும், பிறந்தவர், மணந்தவர், மறைந்தவர் பெயர்களையும் நாட்களையும் தமிழில் தெளிவாக எழுதிய இரண்டு பக்கம், நாலு புகைப்படம் கொண்டுபோங்கள். எடையும் குறைவு.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் எழுதுவது என் கடமை. ஊருக்குள் போனதும், "எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் பொருள் மூத்தோருக்குத் தெரியும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. மலாயா வந்த தொழிலாளர்களில் கணிசமானோர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947ஆம் ஆண்டில். அதற்கு முன் புறப்பட்டு வந்த தாத்தாக்களில் பலர் சொந்த ஊர்க் கோயிலின் உட்புறத்தைப் பார்த்தவர்கள் அல்லர். அவர்களே இங்கே தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு மாரியம்மனை நிறுவி, தங்கள் கையாலேயே பூசித்தார்கள். தாத்தா ஏன் ஊரைப் பற்றிப் பேசவேயில்லை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, விமானம் ஏறுமுன் இதைச் சொல்லி வையுங்கள். மறதியால் மட்டுமே அவர் பேசாமல் இருந்தார் என்று எண்ணிக்கொண்டு போனால், அங்கே அவர்கள் மனம் புண்படும். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன்.

குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகளோடு போவதே முறை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் வயிற்றில் ஏறுவது நலம். அங்கே பொங்கல் வைத்தோம். கிடா வெட்டும் வழக்கம் உள்ள கோயில்களில் அதற்கு மனமில்லாதவர்கள், பொங்கலோடு நிறுத்திக்கொள்வதாக முதலிலேயே சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நன்கொடையாளர்களுக்கு ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தவுடன், கோபுரத் திருப்பணி, கும்பாபிஷேகம் என்று ரசீதுப் புத்தகம் நீளும். நெஞ்சு நெகிழ்ந்திருக்கும் அந்த வேளையில் பெருந்தொகை வாக்களிக்காதீர்கள். அன்றைய பூசைக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, திருப்பணிக் குழு யார், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, வேலை எந்த அளவில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, மனம் அப்போதும் சம்மதித்தால் அனுப்புங்கள். கோயில் கணக்கை எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், நேர்மையான குழுவினர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள்.

திரும்பி வந்ததும் களைப்பு தீருமுன் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுங்கள். ஊர், வட்டம், இன்றைய மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், குலதெய்வம், பூசாரியின் தொலைபேசி எண், யார் யாருக்கு என்ன முறை, பேருந்து எத்தனை மணிக்கு. ஒரு படி பிள்ளைகளுக்கு, ஒரு படி அங்குள்ளவர்களுக்கு. நாங்கள் அனுப்பிய படியை அத்தையின் பேரன் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். சென்ற ஐப்பசியில் தாத்தாவின் திதியன்று மோகனூர் ஆற்றங்கரையிலிருந்து கைப்பேசியில் அழைத்து, பிண்டம் கரைப்பதைக் காட்டினார்கள். இங்கே நல்ல மழை. என் துணைவியார் வாசலில் விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.